படகில் ஏற மறுக்கலாம்

2014 ஜனவரி 26, குடியரசு தின விடுமுறை நாள். அந்தமானில் போர்ட் பிளேர் அருகே ‘அக்வா மெரினா’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து, குறிப்பாகக் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகப் போனவர்கள். 25 பேருக்கு உரிமம் பெற்றிருந்த படகில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். படகு எப்படிக் கவிழ்ந்தது என்று பிறகு நிறையப் பேசினோம். 26ஆவது ஆள் ஜெட்டியிலிருந்து படகுக்குள் கால் வைத்தபோது அங்கே நின்ற யாராவது ஒருவர் ஏன் தடுக்கவில்லை என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

சுற்றுலாப் பயணிக்குப் பல உரிமைகள் உண்டு. பணத்தைத் திரும்பக் கேட்கலாம், வழக்குப் போடலாம், நஷ்டஈடு கேட்கலாம். இவை எல்லாமே கரைக்குத் திரும்பிய பிறகு, அல்லது திரும்பாதவரின் குடும்பத்துக்கு மட்டும் பயன்படுகிறவை. தரைவழியே போகிற ஊர் என்றால் டிரைவரின் ஓட்டம் பிடிக்காவிட்டால் பாதி வழியில் இறங்கிக்கொள்ளலாம். கடலில் அது நடக்காது. படகு மட்டுமே வழியாக உள்ள கடற்கரைக்குப் போகிறவருக்கு உயிரோடு சம்பந்தப்பட்ட உரிமை ஒன்றுதான்: ஜெட்டியில் நின்று “இந்தப் படகில் ஏற மாட்டேன்” என்று சொல்வது. அதைச் சொல்ல எது தெரிந்திருக்க வேண்டும், சொன்னால் பணம் என்ன ஆகும் என்பதைத்தான் முக்கியமாகப் பேச வேண்டியிருக்கிறது.

அந்தமானை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து கடவுச்சீட்டு இல்லாமல் போய்வரக்கூடிய வெப்பமண்டலத் தீவுகள் அவை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் கடைத்தெருவில் தமிழ் பேசியே காலம் தள்ளலாம். அந்தப் பழகிய உணர்வே ஒருவகையில் ஆபத்து. நம்மூர் மாதிரித்தான் இருக்கிறது என்ற எண்ணத்தில் கடலையும் நம்மூர் ஏரி மாதிரி நினைத்துவிடுகிறோம். ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் த்வீப்), நீல் (ஷஹீத் த்வீப்) ஆகிய தீவுகளுக்குப் பெரிய ஃபெர்ரிகள் ஓடுகின்றன. அவற்றில் டிக்கெட், அடையாள அட்டை, பயணிகள் பட்டியல் என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. சிக்கல் பெரும்பாலும் அதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. ஹேவ்லாக்கிலிருந்து எலிஃபன்ட் பீச்சுக்கு, போர்ட் பிளேரிலிருந்து நார்த் பேக்கு, வாண்டூரிலிருந்து ஜாலி பாய்க்கு, வடக்கே திக்லிபூர் பக்கம் ஏரியல் பே ஜெட்டியிலிருந்து ராஸ், ஸ்மித் தீவுகளுக்கு என்று போகும் சின்னப் படகுகள், ‘டுங்கி’ எனப்படும் மோட்டார் மரப் படகுகள், ஸ்பீட் போட்டுகள். போட்டோக்களில் யாருமே இல்லாததுபோல் தெரிகிற வெள்ளை மணல் எல்லாம் இந்தக் கடைசிப் படகுக்கு அப்பால்தான் இருக்கிறது.

ராஸ் என்ற பெயரில் இரண்டு இடங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. போர்ட் பிளேருக்கு எதிரில் ஆங்கிலேயர் காலக் கட்டடங்கள் இடிந்து கிடக்கும் ராஸ் தீவு ஒன்று. அது இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப். மணல்திட்டால் ஸ்மித் தீவோடு இணைந்த ராஸ் வேறு, வெகு வடக்கே, திக்லிபூர் பக்கம். பேக்கேஜில் ‘ராஸ் ஐலண்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மணல்திட்டில் நடப்பதாகக் கனவு கண்டு போய், சிறைக் காலத்து இடிபாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

நேரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் சொல்லாத விஷயம் அது. அந்தமான் சென்னைக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் இந்திய நேரம். டிசம்பரில் போர்ட் பிளேரில் மாலை 5 மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். ஐந்தரை என்றால் இருட்டு. நம்மூர்க் கணக்கில் “நாலரை மணிக்குக் கிளம்பினால் போதும்” என்று நினைக்கிறவர் அங்கே இருட்டில் கடலில் இருப்பார். அதனால் தனிமைக் கடற்கரைகளிலிருந்து கடைசிப் படகு பிற்பகலிலேயே கிளம்பிவிடும். “இன்னும் ஒரு குளியல், அண்ணே” என்று நாம் படகோட்டியைத் தாமதப்படுத்தினால் அந்தத் தாமதத்தின் விலை நம் கணக்கில்தான் எழுதப்படும். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தது இருட்டிய பிறகு ஓட்டப்பட்ட படகில். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, கொள்ளளவுக்கு மேல் ஆட்களை ஏற்றி ஓட்டினார்கள்.

அதிக ஆள் ஏற்றினால் படகு கனத்தால் மூழ்கும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பெரும்பாலும் அது நடப்பதில்லை. ஆட்கள் கூடக்கூடப் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. நிற்கிறவர்களும் மேல்தளத்தில் உட்கார்ந்தவர்களும் படகின் பாரத்தை மேலே ஏற்றிவிடுகிறார்கள். அப்போதும் படகு அமைதியாகத்தான் போகும். ஒரு திருப்பத்தில், அல்லது எதையோ பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து வந்த நொடியில், அது சாய்ந்து மீளாமல் போய்விடும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இரட்டைத் தளப் படகு அது. கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக ஒதுங்கியதும் கவிழ்ந்ததாக அப்போது செய்திகள் வந்தன. இறந்தவர்களில் தமிழர்களும் பலர். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர் இறந்ததும் மீன்பிடிப் படகில் அளவுக்கு மீறி ஏறியதால். அங்கே மலைபோன்ற அலைகள் இல்லை, புயலும் இல்லை. டால்ஃபின் தெரிகிறது என்று படகோட்டி கத்தினால் உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தைத் திருப்புங்கள். எழுந்திருக்காதீர்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆவது பிரிவு, உயிருக்கு ஆபத்து உண்டாகும் அளவுக்குப் பாரம் ஏற்றிய படகிலோ பழுதான படகிலோ கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவர் சாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அப்படி ஏற்றிக்கொண்டு கிளம்புவதே குற்றம். தானே ஓட்டுகிறவரை மட்டுமல்லாமல், அப்படிக் கொண்டுபோகச் செய்கிறவரையும் அந்தப் பிரிவின் வாசகம் தொடுகிறது. ஏற்பாடு செய்த ஏஜென்ட் “நான் படகு ஓட்டவில்லையே” என்று எளிதில் நழுவ முடியாது. 5,000 ரூபாய் என்பது ஒரு நடை வருமானத்துக்கு முன் சிரிப்புக்குரிய தொகை என்பது உண்மை. ஆனால் ஜெட்டியில் நிற்கும் போலீஸ்காரரிடம் “இது குற்றம் சார், தடுங்க” என்று சொல்ல அந்தப் பிரிவு போதும். விபத்துக்குப் பிறகு என்றால் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றமும் சேரும்.

ஜெட்டியில் நிஜமாக நடப்பது வேறு. வெயில், வரிசை, குழந்தை அழுகை. வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். படகு நிறைந்திருக்கும். “அக்கா, ரெண்டே பேர்தானே, நெருங்கி உக்காருங்க, இருபது நிமிஷம்தான்” என்பார் படகுப் பையன். யாராவது ஓர் அண்ணன் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டால், கூட வந்தவர்களே “விடுங்கண்ணே, தினமும் இப்படித்தான் போகுது, நேரமாகுது” என்று அவர் வாயை அடைப்பார்கள். படகுக்காரரைவிடச் சொந்தக் குழுவை எதிர்ப்பதுதான் கஷ்டம். ஆகவே இதை ஜெட்டிக்குப் போய் முடிவு செய்யக் கூடாது. முதல் நாள் இரவே குடும்பத்தில், குழுவில், ஒரு பேச்சு வையுங்கள்: எண்ணிக்கை மீறினால் நாம் ஏறுவதில்லை, ஒருவர் இறங்கினால் எல்லாரும் இறங்குவோம். பத்துப் பேர் சேர்ந்து இறங்கினால் படகுக்காரர் தானாகவே அடுத்த படகைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். ஒருவர் மட்டும் நின்றால் அவரைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள், அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. உரிமத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறது? அந்த எண் படகிலேயே எழுதப்பட்டிருக்கிறதா? நம் பெயர், வயது, போன் எண் ஒரு பட்டியலில் ஏறியதா, அந்தப் பட்டியலின் பிரதி கரையில் யாரிடமாவது இருக்கிறதா? எஞ்சின் நின்றால் என்ன செய்வார்கள்? வயர்லெஸ் இருக்கிறதா, கூட இன்னொரு படகு போகிறதா? இவற்றைக் கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒழுங்காக ஓட்டுகிறவர் பெருமையோடு பதில் சொல்வார். சிரித்து மழுப்புகிறவரிடம் ஏறாதீர்கள். பட்டியல் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கடலில் ஒருவர் காணாமல் போய் உடலும் கிடைக்காவிட்டால், சட்டப்படி அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளப் பொதுவாக 7 ஆண்டுகள் ஆகும். அந்தப் படகில்தான் அவர் இருந்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தால் இறப்புச் சான்றிதழ், காப்பீடு, வாரிசுரிமை எல்லாவற்றிலும் குடும்பத்தின் அலைச்சல் குறையும். “உங்க பேரெல்லாம் வேண்டாம் சார், ஏறுங்க” என்று தாராளமாகச் சொல்கிற படகு இந்தச் சான்றைத்தான் உங்களிடமிருந்து பறிக்கிறது.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள், சரியாகச் சொல்வதில்லை. கொடுத்தார்களா என்பதோடு நின்றுவிடுகிறோம். இருக்கைக்கு அடியில் கட்டிவைத்த ஜாக்கெட் கவிழும் படகில் யாருக்கும் உதவாது. திறந்த படகில் கரையிலேயே போட்டு, எல்லா வாரையும் கட்டியிருக்க வேண்டும். தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்; காதுவரை எழும்பி வந்தால் தண்ணீரில் அது உங்களை விட்டுக் கழன்றுவிடும். சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிகளில் 15 கிலோவுக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு ஒன்று, 15 முதல் 43 கிலோ வரை உள்ள குழந்தைக்கு ஒன்று, 43 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒன்று என மூன்று அளவுகள் உண்டு. பெரியவருக்கான ஜாக்கெட்டை ஐந்து வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் பிள்ளை கீழே நழுவும், ஜாக்கெட் மேலே மிதக்கும். குழந்தை அளவு இல்லை என்று சொன்னால், அந்தப் படகில் உங்கள் குழந்தைக்கு இடமில்லை என்றே பொருள். வெயிலில் வெளுத்து, உள்ளே பஞ்சு நொறுங்கி, கொக்கி உடைந்து கிடப்பவையும் கணக்கில் சேராது. சேலை கட்டிய பெண்கள் ஜாக்கெட்டை வெறுமனே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எல்லா ஜெட்டியிலும் பார்க்கலாம். அன்று ஒருநாள் சுடிதாரோ பேன்ட்டோ போட்டுக்கொள்வது நல்லது.

இனி காற்று. மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் சின்னங்கள் உருவாகும் காலம். நம் பள்ளி விடுமுறைகள் பாதி இந்தக் காலங்களில்தான் விழுகின்றன. 2016 டிசம்பர் தொடக்கத்தில், பின்னால் ‘வர்தா’ புயலாக மாறிச் சென்னையைத் தாக்கிய அதே காற்றழுத்தத் தாழ்வு, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளைச் சிறைவைத்தது. படகுகள் நின்றுபோயின. கடற்படைக் கப்பல்கள் வந்துதான் ஆட்களை மீட்டன. அவர்களில் பலருக்கு விமான டிக்கெட் போயிற்று, மருந்து தீர்ந்தது, கையில் காசும் தீர்ந்தது. தனித்தீவு என்பதன் நிஜமான விலை அப்போதுதான் தெரியும்.

ஆகவே திட்டத்திலேயே ஒரு நாளைக் காலியாக வையுங்கள். தீவிலிருந்து திரும்பும் படகுக்கும் ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கும் நடுவே ஓர் இரவு போர்ட் பிளேரில். பேக்கேஜ்காரர்கள் இதைப் போட மாட்டார்கள், விலை கூடும் என்பதால். நீங்கள்தான் கேட்டுப் போட வைக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மூன்று நாளைக்குக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். கொஞ்சம் ரொக்கமும். சிறு தீவுகளில் ஏடிஎம்கள் குறைவு. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு நெட் எவ்வளவோ மேம்பட்டாலும், ஆளில்லாக் கடற்கரையில் போனில் கோடு வராது.

படகு ரத்தானால் கட்டணம்? சேவை தராத ஃபெர்ரி நிறுவனம் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள நியாயமில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் தர வேண்டும். ஆனால் அதனால் தவறிப்போன விமானத்துக்கும், தங்காமல் போன அடுத்த தீவு ஓட்டலுக்கும் ஃபெர்ரிக்காரர் பொறுப்பாவது கடினம், ஏனென்றால் காற்றை அவர் வரவழைக்கவில்லை. அந்த நஷ்டத்துக்குத்தான் பயணக் காப்பீடு. உள்நாட்டுப் பயணத்துக்கும் அது உண்டு, பெரிய செலவும் இல்லை. வாங்கும்போது இரண்டு இடங்களைப் படியுங்கள்: வானிலையால் பயணம் தடைபட்டால் தருவார்களா, ஸ்கூபா போன்ற ‘சாகச விளையாட்டு’களுக்கு விலக்கு வைத்திருக்கிறார்களா. இன்னொன்று: வானிலை எச்சரிக்கையால் துறைமுக அதிகாரிகள் படகை நிறுத்திய நாளில் “எனக்குத் தெரிந்த ஒரு டுங்கி இருக்கு, கூட்டிட்டுப் போறேன்” என்று யாராவது வந்தால் அது உதவி அல்ல. தடையை மீறிப் போன படகில் நேரும் விபத்துக்குக் காப்பீடு கேட்டால் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

கடற்கரையை அடைந்த பிறகு உள்ள ஆபத்துகளில் நீரோட்டம்தான் பெரிது. ஹேவ்லாக்கின் பிரபலமான ராதாநகர் கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். படகில் மட்டும் போகும் கரையில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். அலைகள் வரிசையாக உடைந்து நுரைக்கும் கரையில் ஓரிடம் மட்டும் உடையாமல் அமைதியாக, சற்றுக் கருமையாகத் தெரிந்தால், குளிக்க நல்ல இடம் என்று இறங்காதீர்கள். கரைக்கு வந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அதுவாக இருக்கலாம். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். ராஸ், ஸ்மித் மணல்திட்டு ஓதம் ஏறும்போது தண்ணீருக்குள் போய்விடும். எதிர்க்கரையில் பையை வைத்துவிட்டு இந்தக் கரையில் தூங்கக் கூடாது. அன்றைய ஓத நேரத்தைப் படகோட்டியிடமே கேளுங்கள், அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்து நம்மவர்கள் சிரித்து செல்ஃபி எடுக்கிறார்கள். உப்புநீர் முதலை கழிமுகத்திலிருந்து கடலுக்குள் நீந்தி அடுத்த தீவுக்கே போகக்கூடியது. 2010இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது. பலகை வைத்த இடத்தில், ஓடைகள் கடலில் சேரும் இடத்தில், சதுப்புநிலக் காட்டை ஒட்டிய கரையில், அந்தி நேரத்தில் இறங்கவே கூடாது.

ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் அதைப் பயணத்தின் கடைசி நாளில் வைப்பது வழக்கமாகிவிட்டது. அது தவறு. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால் குறைந்த காற்றழுத்தத்தில் அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்பையும் தாக்கும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமாவது, பல டைவ்கள் என்றால் 18 மணி நேரமாவது கழித்தே பறக்க வேண்டும் என்பது டைவிங் மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு பற்றிக் கேட்கும் படிவத்தில் எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று டிக் போட்டுவிட்டுக் குதிப்பது காப்பீட்டையும் உயிரையும் ஒரே கையெழுத்தில் இழப்பது. ஹேவ்லாக்கில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய சிகிச்சை என்றால் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான், அதற்கும் மறுபடி கடலைத் தாண்ட வேண்டும்.

கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. பொது அவசர எண் 112. இவற்றைக் கிளம்பும் முன்பே போனில் ஏற்றிக்கொள்ளலாம். சிக்னல் இல்லாத இடத்தில் படகின் வயர்லெஸ்தான் கதி. விஎச்எஃப் 16ஆவது சேனல் உலகெங்கும் கடல் அபாய அழைப்புக்கானது. எங்கே போகிறோம், எந்தப் படகு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஓட்டல் வரவேற்பில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது இந்த எல்லா எண்களையும்விடச் சில நேரம் பயன்படும். நாம் வரவில்லை என்பதைக் கவனிக்கக் கரையில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பாதிக்கப்பட்டவராக அல்லாமல் குற்றவாளியாகத் திரும்பி வரும் வாய்ப்பும் அங்கே உண்டு. கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு செத்ததாக இருந்தாலும், 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் வருவது. 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம் என்று 2022 திருத்தம் சொல்கிறது. சில சங்கு வகைகளும் கடல் அட்டையும் அப்படியே. விமான நிலையத்தில் பையைத் துழாவும்போது “குழந்தை பொறுக்கினது” என்று சொன்னால் எடுபடாது. பழங்குடிகள் விஷயம் இன்னும் கடுமை. வட சென்டினல் தீவைச் சுற்றி 5 கடல் மைல் வரை நெருங்கக் கூடாது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் தண்டனைகள் 2012இல் கடுமையாக்கப்பட்டன. திக்லிபூருக்குச் சாலை வழியே போகிறவர்கள் ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தைக் கடக்கும்போது போனைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். அந்தப் பழங்குடி மக்கள் வேடிக்கைப் பொருளல்ல என்பது சட்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், சட்டமும் அதைச் சொல்கிறது.

ஏமாற்றத்துக்கான பரிகாரத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சுற்றுலாப் பயணிக்குத் தந்த பெரிய வசதி, அந்தமானில் நடந்ததற்கு ஊரிலிருந்தே வழக்குப் போடலாம் என்பது. நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பாருங்கள். பல நேரம் நிறுவனத்துக்கு ஓர் அறிவிப்பு போனதுமே பணம் வந்துவிடுகிறது.

பேக்கேஜ் ரசீதின் கீழே பொடி எழுத்தில் “படகு, விமானம், ஓட்டல் சேவைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல, பணம் திருப்பித் தரப்படாது” என்று இருக்கும். அச்சடித்துவிட்டதாலேயே அது சட்டமாகிவிடாது. ஒருபக்கமாக நுகர்வோரை நெருக்கும் ஒப்பந்தத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று இதே சட்டம் தனியாக வரையறுத்திருக்கிறது. படகைத் தேர்ந்தெடுத்தது நீங்களல்ல, ஏஜென்ட். அதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினார். டைவிங் கடையில் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் அப்படியே: கடலின் இயல்பான ஆபத்தை நீங்கள் ஏற்கலாம், அவர்களுடைய அலட்சியத்தை நீங்கள் ஏற்றதாகச் சொல்லிவிட முடியாது என்று வாதாட இடமுண்டு. விபத்தில் உயிரிழப்போ காயமோ நேர்ந்து ஊர் திரும்பிவிட்டீர்கள் என்றால், சம்பவம் நடந்த இடம் எங்களுடையதல்ல என்று உங்கள் ஊர்க் காவல் நிலையம் திருப்பி அனுப்பக் கூடாது. எல்லை பாராமல் முதல் தகவல் அறிக்கையைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டமே சொல்கிறது.

இப்போது, ஜெட்டியில் இறங்கி நின்றுவிட்டவரின் பணம். ஏஜென்ட் சொல்வார்: “படகு தயாராக இருந்தது, நீங்கள்தான் ஏறவில்லை, ரீஃபண்ட் கிடையாது.” அந்த வாதத்தை உடைக்க வேண்டியது அந்த ஐந்து நிமிடங்களில்தான். படகில் எழுதிய கொள்ளளவு எண்ணும் உட்கார்ந்திருப்பவர்களும் ஒரே போட்டோவில் தெரியும்படி எடுங்கள். குழந்தைக்குக் கொடுத்த பெரிய ஜாக்கெட்டைக் குழந்தை மீது வைத்து ஒன்று. உடனே ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி: “25 பேர் படகில் 38 பேர் ஏற்றியிருக்கிறார்கள். பாதுகாப்பான வேறு படகு தாருங்கள், இல்லையேல் இந்தப் பகுதிக்கான பணத்தைத் திருப்புங்கள்.” குரல் செய்தி வேண்டாம், எழுத்து. வேறு படகைக் கேட்டீர்கள் என்பது பதிவாக வேண்டும், அதுதான் முக்கியம். வரமாட்டேன் என்றதாக மட்டும் இருந்தால் வழக்கு வலுவிழக்கும். ஜெட்டியில் போலீசாரோ துறைமுக ஊழியரோ இருந்தால் அவர்களிடமும் சொல்லி, பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய யுபிஐ பதிவு, பேக்கேஜ் விளம்பரம், ஏஜென்டின் பதில் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். ஏஜென்ட் பதிலே போடவில்லை என்றால், படித்துவிட்டதைக் காட்டும் நீல டிக்கோடு அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.